இருபத்து நாலு வருஷம் பால்கோவா தின்னாதவள்

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பேரும் ராஜபாளையத்தில் மீதிப் பேரும் எனக்கு அது இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விசேஷ வீடுகளில் எல்லார் தட்டிலும் பால்கோவா விழும். என் தட்டுக்கு வந்ததும் பரிமாறுகிறவர் கரண்டியை இழுத்துக்கொண்டு, "அக்காவுக்குச் சேவு வையிலே" என்பார். நானும் சேவைக் கொறித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். "எனக்குச் சர்க்கரை இல்லைய்யா, கோபம்தான் இருக்கு" என்று எத்தனை பேரிடம் போய் விளக்குவது?

அந்தக் கோபத்துக்குரியவளைப் போன வியாழக்கிழமை பார்த்தேன்.

ராஜபாளையத்தில் எங்களுக்குப் பேண்டேஜ் துணித் தொழில். தறியிலிருந்து வரும் சல்லாத் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி, மடித்து, பொட்டலம் போட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறோம். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் போவார்கள். பல் ஆஸ்பத்திரிக்கு மட்டும் நானே போவேன். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற கிராம்புத் தைல வாசனைக்காகத்தான் போகிறேன் என்பதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன. அன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்று மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டுதான் உள்ளே பார்த்தேன். நாற்காலி வரிசையில், ஒரு கன்னம் வீங்கி, வாயில் துணியைக் கடித்தபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆள் பருத்து, முடியைக் கத்தரித்து, அடையாளமே தெரியவில்லை. ஆனால் வலது காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் காலை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் பஸ்ஸில் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்த கால் அது.

ஜெயந்தி!

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். கல்லூரி ராஜபாளையத்தில், விலங்கியல் முதலாம் ஆண்டு. ஜெயந்தி ராஜபாளையத்துக்காரி, என் வகுப்பு. இரண்டு பேரும் பேருக்குத்தான் கல்லூரி மாணவிகள். ஒரு காலைக் கல்லூரியிலும் இன்னொரு காலை இம்ப்ரூவ்மெண்டிலும் வைத்திருந்தோம். பிளஸ் டூவில் மார்க் குறைந்தவர்கள் மறுபடி பரீட்சை எழுதி மார்க்கை ஏற்றிக்கொள்ளலாம், கூடவே நுழைவுத் தேர்வும் எழுதலாம் என்று ஒரு வழி அப்போது இருந்தது. அதற்கான டியூஷன் ஸ்ரீவில்லிபுத்தூரில். அதனால் கல்லூரி விட்டதும் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். நான் கேள்வி கேட்பேன், அவள் காலை ஆட்டிக்கொண்டே பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டு டியூஷனுக்கு ஓடுவோம். அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என் அம்மாவை "பின்னி" என்பாள். சித்தி என்று அர்த்தம். அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே உச்சி குளிர்ந்துவிடும். எனக்குக் கால் டம்ளர் காப்பி என்றால் அவளுக்கு முக்கால் டம்ளர்.

டியூஷனில் இருபது பேர். எல்லாருக்கும் எம்.பி.பி.எஸ். வேண்டும், கிடைக்காவிட்டால் பல் மருத்துவம். முதலிலேயே பல் மருத்துவம்தான் வேண்டும் என்று கேட்ட ஒரே கிறுக்கி நான். டியூஷன் சார், "பல்லு போதுமா? ஏம்மா, மீதி ஒடம்பு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். காரணத்தைச் சொல்ல முடியுமா?

காரணம் எங்கள் தெரு அடிபம்பு. எனக்கு ஏழு வயசு. பம்பின் கைப்பிடியில் தொங்கி, உடம்புக் கனத்தை எல்லாம் போட்டு அதைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தேன். அம்மா குடத்தை நகர்த்திவிட்டு, "செத்த நேரம் நான் அடிக்கேன், எறங்குட்டி" என்று என்னைத் தூக்கக் குனிந்தாள். நான் டபக்கென்று கையை விட்டேன். கைப்பிடி விர்ரென்று மேலே போய் அம்மா வாயில் அடித்தது. முன்பல் இரண்டும் குடத்துக்குப் பக்கத்தில் விழுந்தன.

அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். அப்பாவிடமும் அப்படியே. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். சிரிப்பு முந்தானைக்குள்ளேயே குலுங்கி அடங்கும். அப்பா பல் கட்டக் கூப்பிட்டபோதெல்லாம், "எம்மவ டாக்டராகிக் கட்டி விடுவா. அம்புட்டு நாளும் இப்பிடியே கெடக்கட்டும்" என்றுவிட்டாள். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு அது. பாடப் புத்தகத்தில் மனிதனுக்குப் பல் முப்பத்திரண்டு என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு, அம்மாவுக்கு முப்பது, என்றுதான் தோன்றும்.

பல் கல்லூரியில் முதல் வருஷம் மெழுகில் பல் செதுக்கச் சொல்வார்களாம் என்று யாரோ சொன்னார்கள். விடுவேனா? மெழுகுக்கு எங்கே போக? வீட்டில் இருந்த துணி சோப்பை எடுத்து, விலங்கியல் லேபில் கரப்பான்பூச்சி அறுக்கிற கத்தியால் கடைவாய்ப்பல் செதுக்க ஆரம்பித்தேன். முதலில் வந்தது பல் மாதிரி இல்லை, பிடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி இருந்தது. போகப் போகக் கை பழகியது. அந்த வருஷம் முழுக்க அம்மா என் பற்களை வைத்துத்தான் துணி துவைத்தாள். "இன்னைக்கி எந்தப் பல்லுட்டி? மேல உள்ளதா, கீழ உள்ளதா?" என்று கேட்டு, முந்தானைக்குள் சிரிப்பாள்.

ஜெயந்திக்குப் பல் என்றாலே அருவருப்பு. "அடுத்தவ வாய்க்குள்ள கைய விடணுமாடி? உவ்வே" என்பாள். மார்க் வந்தபோது எங்கள் ஒதுக்கீட்டுப் பிரிவில் அவள் எனக்கு ஒரே ஒரு இடம் முன்னால் இருந்தாள். எம்.பி.பி.எஸ். இரண்டு பேருக்குமே எட்டாது, அரசாங்கப் பல் கல்லூரியில்தான் கடைசியாக ஒன்றிரண்டு மிஞ்சும் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு வைத்தியநாத சுவாமி சன்னிதியில் நின்று, நான் கேட்காமலேயே சொன்னாள்: "பல்லு உனக்குத்தான்டி. நான் இன்னொரு வருசம் எழுதிக்கிடுதேன். சாமி சத்தியம்."

கவுன்சிலிங் சென்னையில். கூடத்துக்கு வெளியே ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்பாமார்கள் நின்றார்கள், என் அப்பாவும் அவள் அப்பாவும் உட்பட. பலகையில் எங்கள் பிரிவுக்கு அரசாங்கப் பல் கல்லூரியில் பாக்கி ஒரே சீட்டு. ஜெயந்தியின் நம்பரைக் கூப்பிட்டார்கள். என் கையை ஒரு கிள்ளு கிள்ளி, "வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன். பொறவு உன் பாடு" என்றுவிட்டு அப்பாவோடு உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் தாள் இருந்தது. தலையை நிமிர்த்தவில்லை. "நாயனா சொல்லிட்டாருடி. கெடச்சத விடக் கூடாதாம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் என் நம்பர் வந்தது. மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பல்லு முடிஞ்சிருச்சும்மா. அடுத்து" என்றார். தனியார் கல்லூரி என்று அப்பா வாயெடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும் வழியில், மதுரையில் அப்பா, "பசிக்காம்மா?" என்றார். அவ்வளவுதான்.

சரி, எடுத்தாள். பெற்றவர் சொன்னார், எடுத்தாள். அதோடு நின்றிருந்தால் நானும் மனுஷிதானே, மறந்திருப்பேன். அடுத்த வாரம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே கால்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள், சீட்டுக் கிடைத்த சந்தோஷத்துக்கு! ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா! நான் உள்ளறையைத் தாழ் போட்டுக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. "எனக்குன்னே செஞ்ச பண்டம்தான் இது. மெல்லவே வேண்டாம் பாரு." பொறவு கொஞ்சம் தணிந்து, "நல்லாப் படி தாயி. படிச்சு முடிச்சு வந்து நீயே எனக்குப் பல்லு கட்டி விட்டுரு."

"கட்டாயமா பின்னி" என்றாள் அந்தப் பாதகத்தி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மா மேலும் கோபம், அவள் மேலும் கோபம். அவளைப் பழி வாங்காமல் பால்கோவாவைக் கையால் தொடுவதில்லை என்று அன்றைக்குத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே சபதம் போட்டேன். எப்படிப் பழி வாங்குவது என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. பதினெட்டு வயசுக்கு அம்புட்டுத்தான் புத்தி.

நாலாவது மாசம் சேதி வந்தது. ஜெயந்தி கல்லூரியை விட்டுவிட்டாள். பிணத்தைப் பார்த்து மயங்கி மயங்கி விழுந்தாளாம், வாய் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லையாம், வெளிநாட்டு மாப்பிள்ளையும் அமைந்துவிட்டதாம். ஆளைச் சேர்க்கும் கடைசித் தேதி தாண்டிவிட்டதால் அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்க முடியாது என்றார்கள். அப்பா விசாரித்துவிட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மீதி நாலரை வருஷமும் அந்தப் பெஞ்சில் காற்று உட்கார்ந்து பல் மருத்துவம் படித்தது. நான் விலங்கியலில் தவளையை அறுத்துக்கொண்டிருந்தேன். அவள் எடுத்ததைக்கூட மன்னிப்பேன், எடுத்துவிட்டுக் கீழே போட்டாளே, அதை எப்படி மன்னிக்க?

என் சபதத்தின் கூத்தைக் கேளுங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பால்கோவா கொண்டு வந்தார்கள். நான் தொடவில்லை. வருங்கால மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நிச்சயத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. "ஆரம்பமா இருக்கும், அதான் காட்டல" என்று முடிவுகட்டிவிட்டார். அன்றைக்கு ஒட்டிய வியாதிதான் இன்று வரைக்கும்.

அம்மாவிடம் நான் எத்தனையோ தடவை சொன்னேன், வா, பல் கட்டிக்கொண்டு வருவோம் என்று. "நீயோ அந்தப் பிள்ளையோ, ரெண்டு பேர்ல ஒருத்தி கட்டுவீங்கன்னு பாத்தேன். வேற யார் கையும் என் வாய்க்குள்ள வர வேண்டாம்" என்றுவிட்டாள். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள், முப்பது பல்லோடு.

இப்போது பல் ஆஸ்பத்திரிக்கு வருவோம். ஜெயந்தியும் என்னைக் கண்டுகொண்டு, கண்ணை அகல விரித்து என் கையைப் பிடித்தாள். பேசத்தான் முடியவில்லை. டாக்டர் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அரை மணி நேரம் கடிச்சே இருக்கணும் மேடம். வாயத் தொறக்கக் கூடாது" என்றுவிட்டுப் போனது. "வெளிநாட்டுல பல்லு புடுங்க மாசக்கணக்குல காத்திருக்கணுமாம், அதான் லீவுக்கு வந்த எடத்துல புடுங்குதாவ" என்று பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

அரை மணி நேரம்! அவள் வாயைத் திறக்க முடியாத அரை மணி நேரம்! நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நல்லாக் கடிட்டி. அது என் துணிதான்" என்று ஆரம்பித்தேன். சன்னிதி, சத்தியம், கவுன்சிலிங் கூடம், ஆள் இல்லாத பெஞ்சு, பால்கோவா, ரத்தப் பரிசோதனை, ஒன்று விடவில்லை. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் என்னவெல்லாம் சொல்ல நினைத்தாளோ அத்தனையும் சொன்னேன். பெரியவர் தன் பல் வலியை மறந்து, "அப்பொறம் என்னாச்சு?" என்று கேட்டார். ஜெயந்தியின் கால் ஆடுவது நின்றுவிட்டது. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு இனிப்பாக இருந்தது. பொய் சொல்வானேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். அவள் துணியைக் கடித்தபடியே, குழறிக் குழறி, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பின்னி... பல்லு கட்டிக்கிட்டாங்களாடி?"

"இல்ல. கடைசி வரைக்கும் கட்டல" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. வாய் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. சட்டென்று முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். முந்தானைக்குள் குலுங்கினாள். என் கை தன்னால் பைக்குள் போனது. புதுத் துணி ஒன்றை எடுத்து நாலாக மடித்து, அவள் முந்தானையை விலக்கி, பழையதை எடுத்துவிட்டு, ரத்தம் வருகிற இடம் பார்த்து வைத்து, "கடி" என்றேன். கடித்தாள். நான் பார்த்த ஒரே பல் வைத்தியம் அதுதான். கை நடுங்கவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அவள் விமானம் ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் கால்கிலோ வாங்கி வந்து அடுப்படியில் நின்றுகொண்டே தின்றேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏட்டி, மாத்திரை போட்டியா?" என்று அலறினார். கட்டியவரே இருபது வருஷமாக அதை நம்பியிருக்கிறார்!

இம்ப்ரூவ்மெண்ட் பரீட்சையை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கவுன்சிலிங்குக்கும் இப்போது கூடத்தில் போய் நிற்க வேண்டாமாம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் தெரு அடிபம்பைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. எனக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாக வளர்த்து வைத்திருந்தேன். போகிற போக்கில் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பாதகத்தி.