ஐம்பது புரொசென்ட்

என் மாஸ்டர் ஆய்வேட்டை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற வேண்டும். பத்தரைக்கு இன்டர்லாக்கன் ஊரிலிருந்து அக்கா அழைத்தார். சொந்த அக்கா இல்லை, ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர். சுவிஸில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களின் வேலை நிலைமை பற்றிய என் ஆய்வுக்கு, ஒளிக்காமல் பேசியவர் அவர் ஒருவர்தான். தன் பேச்சு வரும் பக்கத்தைப் பார்த்த பிறகே சம்மதம் என்று சொல்லியிருந்தார். அதை அன்று காலையில்தான் அனுப்பியிருந்தேன்.

“பிள்ளை, நான் சொன்னதை ஏன் வெட்டினனி?”

“நான் ஒண்டும் வெட்டேல்லை அக்கா.”

“அப்ப வாசிச்சுப் பார். எனக்கு ஐம்பது எண்டு நிக்குது. என்ன ஐம்பது, வயசோ? மிச்சத்தைப் போடாட்டி என்ரை கதையே வேண்டாம். எடுத்துவிடு.”

வைத்துவிட்டார். திறந்து பார்த்தேன். “எனக்கு 50”, அதோடு சரி. அவர் சொன்னது இது: “எனக்கு 50% கொன்ட்ராக்ட், அரைநேர வேலை. ஆனா விடியப் போனால் பொழுதுபட்டுத்தான் வாறன். எழுதிவைச்ச மணித்தியாலம் மாதக் கடைசியிலை காணாமல் போகுது.” என் ஆய்வே அந்தப் பேச்சில்தான் நின்றது. அவர் விலகினால் என்னிடம் ஒன்றும் இல்லை.

வேர்டில் ஒழுங்காக இருந்ததை மூன்று வாரம் முன் லேடெக் என்ற மென்பொருளுக்கு மாற்றியவள் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. எழுத்தோடு கட்டளைகளையும் தட்டச்சு செய்தால் அது பக்கங்களை அழகாக அடுக்கித் தரும் என்றார்கள். தமிழ் எழுத்தைத் தெரியவைக்கவே இரண்டு நாள் போயிற்று. ஓர் அடைப்புக்குறியை விட்டால் பக்கம் பக்கமாகத் திட்டும் அந்தச் சனியன், இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆத்திரத்தில் மேசையில் அடித்தேன், கோப்பி சிந்தியது.

பதினொன்று பத்துக்குத்தான் கண்ணில் பட்டது. நான் தட்டச்சு செய்த கோப்பில் ஐம்பதுக்குப் பிறகு அந்த வரியின் மிச்சம் முழுவதும் வெளிர்பச்சையாக இருந்தது. லேடெக்குக்கு % என்றால் ‘இந்த வரியில் இதற்குப் பிறகு வருவது எழுதுபவரின் சொந்தக் குறிப்பு, அச்சிடாதே’ என்று அர்த்தம். இந்த நாட்டிலோ வேலை என்றாலே புரொசென்ட்தான், நூறு என்றால் முழுநேரம். கோயில் வாசலில்கூட “நீங்கள் எத்தினை புரொசென்ட்?” என்றுதான் விசாரிப்பார்கள். பேசிய எல்லோர் வாயிலும் அது வந்திருந்தது. வந்த இடமெல்லாம் வரி போயிருந்தது.

பதினேழு இடம். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால்தான் அது அச்சாகும். சுவிஸ் விசைப்பலகையில் அதற்கு இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரத்தில் பிழை பிழையாக விழுந்தது.

பதினொன்று நாற்பதுக்குப் பக்கத்தைத் திரும்ப அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. பதினொன்று ஐம்பத்தொன்றுக்குத்தான் அழைத்தார்.

“அக்கா, சத்தியமா நான் வெட்டேல்லை. கொம்ப்யூட்டர்தான்.”

“என்ரை மணித்தியாலம் காணாமல் போகேக்கை எங்கடை ஷெஃபும் இதைத்தான் சொன்னவர்.”

வெட்கத்தோடு பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்தேன்.

“ஆனா அவர் திருத்தித் தரேல்லை. நீ தந்திட்டாய். அனுப்பு பிள்ளை, நேரம் போகுது.”