கௌசருக்கு ஒரு தாலாட்டு

ஜமீர் அகமதுவின் குரல் அவன் உடம்புக்குச் சற்றும் பொருந்தாதது. ஆள் ஒல்லிக்குச்சி, வாயைத் திறந்தால் லாரி ஸ்டார்ட் ஆவது போல அடிவயிற்றிலிருந்து வரும். பல்கலைக்கழக மெக்கானிக்கல் விடுதிப் பையன்கள் பாட்டுக் குழு தொடங்கியபோது முதலில் இழுத்துப் போட்டது அவனைத்தான். பெண்குரல் ஒன்றுகூட இல்லாத குழு. எருமைக் கொட்டகை என்று கேலி செய்தார்கள். செய்தால் செய்யட்டுமே! கேலி செய்தவர்களே விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

படிப்பு முடிந்து பாதிப்பேர் ஓசூர் கம்பெனிகளில் வந்து சேர்ந்தார்கள். ஷிஃப்ட் ஆளுக்கு ஆள் மாறினாலும் குழு உடையவில்லை. குழுவில் ஒருவனான சுபாஷின் மகன் வீறிட்டு அழுத ஒரு நாள், பார்க்கப் போனவர்கள் வேறு வழி தெரியாமல் சேர்ந்து தாலாட்டுப் பாடினார்கள். பயல் தூங்கிப்போனான். அதுவே வழக்கமாயிற்று: யாருக்கு முதல் குழந்தை பிறந்தாலும் குழு போய்ப் பாட வேண்டும். மீசைக்காரர்கள் கூடி நின்று ஆராரோ பாடினால் அக்கம்பக்கம் சிரிக்காதா என்ன? எல்லா வீட்டிலும் பாடிய ஜமீர் தன் முறைக்காகக் காத்திருந்தான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துக் கௌசர் பிறந்தாள். பிள்ளைக்குக் காது கேட்காது என்று பெங்களூர் டாக்டர் சொன்ன அன்றிலிருந்து ஜமீர் ஒரு வரி பாடவில்லை. பாடி என்ன ஆகப்போகிறது? நண்பர்களிடம் ஏதேதோ சாக்குச் சொன்னான். அவர்கள் வந்து பரிதாபமாகப் பார்ப்பதை அவனால் தாங்க முடியாது.

கடைசியில் அவன் மனைவி தாஹிராதான் குழுவின் அழகர்சாமிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஜமீரின் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"எதுக்குடா வந்தீங்க? அவளுக்குத்தான் கேக்காதே!" ஜமீர் வாசலை மறித்து நின்றான்.

"கேக்காட்டிப் போகுது. முறைன்னா முறைதான். பிள்ளையக் குடுடா," என்றான் அழகர்சாமி.

கௌசரை மார்போடு சாய்த்துக்கொண்டு அவன் ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கி, பாட்டில் அதிர்ந்த அவன் நெஞ்சில் கன்னத்தை அழுத்திக்கொண்டாள். பாட்டு முடிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பிஞ்சுக் கையால் அவன் நெஞ்சில் பட்டுப் பட்டென்று அடித்தாள்.

"அடேய், இன்னொருக்காப் பாடச் சொல்றாடா!" என்று கத்தினான் அழகர்சாமி.

ஜமீர் பிடுங்காத குறையாக மகளை வாங்கினான். அவன் குரல் எழுந்ததும் கௌசர் இரண்டு கையாலும் சட்டையைப் பற்றிக்கொண்டாள். பாவி மனிதன், இரண்டாவது வரியிலேயே அழுகை வந்து நிறுத்திவிட்டான்.

நெஞ்சில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"பாடறேன்மா, பாடறேன்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினான்.