முதுகுக்குக் களிம்பு தடவியது யார்?

காரைக்குடியில் தோல் டாக்டராகப் பிழைப்பவர்களுக்குக் கல்யாண வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடக் கொடுப்பினை இல்லை. டாக்டர் தேவிகாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். இலையில் பருப்பு விழுவதற்குள் பக்கத்து இலைக்காரர் சட்டைக் கையை மடக்கிவிடுவார். "டாக்டரம்மா, இங்குட்டு வட்டமா ஒண்ணு கிளம்பியிருக்கு, செத்த பாருங்க." அதைப் பார்த்த எதிர் வரிசைக்காரர் வேட்டியையே உயர்த்தத் தொடங்குவார். இதய டாக்டரிடம் யாராவது பந்தியில் நெஞ்சைத் திறந்து காட்டுகிறார்களா? தோல் என்றால் மட்டும் எல்லாருக்கும் இளப்பம்.

தேவிகா காரைக்குடியை அடுத்த திருப்பத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். மகள் டாக்டரானதில் அவள் அப்பா வீரபாண்டியனுக்குப் பெருமைதான். ஆனால் "என்ன டாக்டரு?" என்று எவராவது கேட்டால் "பெரிய டாக்டரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சொறி சிரங்கு பார்ப்பவள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மதுரையில் படித்துவிட்டு, சென்னையில் கூப்பிட்ட வேலையை விட்டுவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கிளினிக் போட்டிருந்தாள். கைராசிக்காரி என்று இப்போதுதான் பேச்சு பரவத் தொடங்கியிருந்தது. கோபக்காரி என்ற பேச்சு அதற்கு முன்பே பரவிவிட்டது.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு ட்யூபை வாங்கிப் பூசுவார்கள். முதல் வாரம் அடங்கும், அடுத்த மாதம் ஊர்வலம் கிளம்பும். சிரங்கு வந்தாலோ, வீட்டில் ஒருத்தர் மட்டும் வந்து மருந்து வாங்கிக்கொண்டு போவார். "ஒருத்தருக்கு வந்தா வீட்டுக்கே வந்தாச்சு. எல்லாரும் ஒரே சாயங்காலம் போடணும். கழுத்துலருந்து கால் வரைக்கும், விரல் இடுக்கு, தொப்புள், முதுகு ஒண்ணும் விடாமப் போட்டு, காலையில குளிச்சு, துணிமணியெல்லாம் வெந்நீர்ல அலசணும். ஒரு வாரங்கழிச்சு மறுபடியும்" என்று அவள் கத்துவது கீழே டீக்கடை வரை கேட்கும். டீக்கடைக்காரருக்கு இது மனப்பாடம். சாதாரணத் தோல் நோய்களைக் கையாள நடைமுறை யோசனைகள் என்ற தலைப்பில் மதுரையில் தோல் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இதைத்தான் முதல் யோசனையாகச் சொல்வதாக இருந்தாள்.

அப்போதுதான் முத்துக்கருப்பன் செட்டியார் வந்து சேர்ந்தார். கூடவே மனைவி சிட்டாள் ஆச்சி, மகள் சுபா. மூன்று பேரும் தாளம் தப்பாமல் சொறிந்துகொண்டிருந்தார்கள். விரல் இடுக்கைப் பார்த்ததுமே தேவிகாவுக்குத் தெரிந்துவிட்டது, சிரங்குப் பூச்சி.

"வீட்டுல வேற யாரு இருக்காக?"

"மறுபாதியில தம்பி சத்தியமூர்த்தி குடும்பம் இருக்கு" என்றார் செட்டியார்.

"அவுகளோட பேச்சுவார்த்தை உண்டா?"

"இல்லை" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

வெளியூர் டாக்டராக இருந்தால், ஒரே கூரைதானே, எல்லாரையும் கூட்டிவாருங்கள் என்றிருப்பார், நோயும் அந்த வாரமே ஒழிந்திருக்கும். தேவிகா இந்த மண்ணில் பிறந்தவள். பேச்சுவார்த்தை இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். எதிரே வந்தால் சுவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் குழந்தை தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நூறு வயசு என்று வாழ்த்தக்கூடாது. பார்க்கவே கூடாதவர்கள் எங்கே தொட்டுக்கொள்ளப் போகிறார்கள்? மூன்று பேருக்கு மட்டும் களிம்பு கொடுத்து அனுப்பினாள். நாலு நாள் கழித்து சத்தியமூர்த்தி தன் மனைவி நாகவல்லி ஆச்சியோடு சொறிந்துகொண்டே வந்தார். அவர்களுக்கும் தனியாகக் கொடுத்தாள்.

அண்ணன் தம்பி சண்டைக்குக் காரணம் சொத்தும் இல்லை, சுகமும் இல்லை, ஒரு போட்டோ. காலமாகிவிட்ட அவர்கள் தகப்பனாரின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம். அதில் தம்பி சினிமா நடிகர் மாதிரி விழுந்திருந்தார். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். தம்பி அதையே பெரிதாக்கி முகப்பில் மாட்டிவிட்டார். வருகிற போகிற சொந்தபந்தமெல்லாம் "ஏன் முத்துக்கருப்பன் தூங்குறான்?" என்று கேட்டது. பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. வளவு என்கிற உள்முற்றத்தின் நடுவில் துணி காயப்போடும் கயிறு ஒன்றைக் கட்டி, இங்குட்டு அண்ணன், அங்குட்டு தம்பி என்று பிரித்துக்கொண்டார்கள். கயிற்றுக்கு நேர் கீழே தொங்கிய ஊஞ்சல் யாருக்கு என்று முடிவாகாததால் ஒருவரும் அதில் உட்காருவதில்லை. காற்றடித்தால் அது தானாக ஆடிக்கொள்ளும்.

களிம்பு போட்டதும் அண்ணன் வீட்டில் அரிப்பு நின்றது. பிறகு வந்தது. தம்பி வீட்டில் நின்றது. பிறகு வந்தது. மறுபடியும் கொடுத்தாள், மறுபடியும் அதே கூத்து. தை மாதம் சுபாவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஊர் வலையபட்டி. சொறி பிடித்த வீடு என்று அங்கே ஒரு சொல் போய்விட்டால் கல்யாணம் நிற்கும். நிற்காவிட்டால் இன்னும் மோசம், வந்தவர்கள் அத்தனை பேரும் தாம்பூலத்தோடு சிரங்கையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கு முன்பே தேவிகாவின் பெயர் நாறத் தொடங்கிவிட்டது. "தேவிகா டாக்டரு களிம்பு சந்தனம் மாதிரி, குளுகுளுன்னு இருக்கும், அம்புட்டுத்தான்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கிளினிக்கில் நாற்காலிகள் காலியாயின. கத்துவதற்கு ஆள் இல்லாமல் தேவிகா மெலிந்துபோனாள்.

மூன்றாம் முறை முத்துக்கருப்பன் குடும்பம் வந்தபோது அவள் பொறுமை போய்விட்டது. "ஐயா, நீங்க களிம்பை எப்புடிப் போட்டீகன்னு எங்கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க" என்றாள்.

செட்டியார் காட்டினார். மார்புக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது. முதுகுக்குப் போக வேண்டிய கை பாதியில் நின்றுவிட்டது. இரண்டு தோளும் இறுகிப்போன மனிதர், சட்டையே கஷ்டப்பட்டுத்தான் மாட்டுகிறவர்.

"அப்ப முதுகுக்கு யாரு தடவுனா?"

செட்டியார் சட்டைப் பொத்தானைத் தேடினார். சிட்டாள் ஆச்சி மின்விசிறியைப் பார்த்தாள்.

"ஆச்சி, நீங்களா?"

"நான் எதுக்குத் தடவுறேன்? நான் கோயிலுக்குப் போயிருந்தேன்."

தேவிகா ஆச்சியையும் சுபாவையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். செட்டியார் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தியமூர்த்திதான்" என்றார்.

"தம்பியா? பேச்சுவார்த்தை இல்லைன்னீக!"

"பேச்சுத்தான இல்லை, டாக்டரம்மா? சனிக்கிழமை சனிக்கிழமை பின்கட்டுக் கதவு வழியா வருவான். எனக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டுட்டுப் போயிருவான். சின்னப் புள்ளையிலருந்து அவன்தான் தேய்ப்பான். சண்டைக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசுனது கிடையாது. ஏதாவது சொல்லியே ஆகணும்னா எண்ணெய்க் கிண்ணத்துக்கிட்டச் சொல்லுவேன்."

"கிண்ணத்துக்கிட்டயா?"

"'ஏ கிண்ணம், இடது பக்கம் விட்டுப்போச்சு'ம்பேன். அவன் தேய்ப்பான். பதில் சொல்லணும்னா அவனும் கிண்ணத்துக்கிட்டத்தான் சொல்லுவான். களிம்பையும் அப்புடித்தான் போட்டு விட்டான்."

தேவிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். இவர் சுத்தமாகும் நேரத்தில் அவர் கையில் பூச்சி. அவர் சுத்தமாகும் நேரத்தில் இவர் முதுகில் பூச்சி. பன்னிரண்டு வருஷ விரோதத்தை அந்தப் பூச்சி ஒன்றுதான் நம்பவில்லை.

"இதுக்குப் பேசாம சமாதானமாப் போயிற வேண்டியதுதான?"

செட்டியார் பயந்துவிட்டார். "ஐயையோ, வேண்டாம். சமாதானமானா அவன் முன்வாசல் வழியா மரியாதையா வந்து காப்பி குடிச்சுட்டுப் போயிருவான். முதுகை யாரு தேய்ப்பா? அவன் கை பட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது. பொம்பளைகளுக்குத் தெரியவே கூடாது, டாக்டரம்மா. தெரிஞ்சா சனிக்கிழமை போயிரும்." அவர் கண் கலங்கியதைப் பார்த்து தேவிகா சரி என்று தலையாட்டினாள்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். எந்த மருத்துவக் கல்லூரியிலும் அதைச் சொல்லித்தரவில்லை. சிட்டாள் ஆச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, "நாகவல்லி ஆச்சி பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் களிம்பு போடப்போறாகளாம். அவுக முதல்ல சுத்தமாயிட்டா, சொறி எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுரும்னு பேசிக்கிறாக" என்று கொளுத்திப்போட்டாள். அன்று மாலையே நாகவல்லி ஆச்சிக்குப் போன் போட்டு, பெயரை மட்டும் மாற்றி அதையே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே போட்டி தொடங்கிவிட்டது. தேவிகா நேரில் போய்ப் பார்த்தாள். செட்டியார் முதுகுக்காகப் பின்கட்டுக் கதவு அதற்குள் ஒரு தடவை திறந்து மூடியிருந்தது. கயிற்றுக்கு இங்குட்டும் அங்குட்டும் இரண்டு குடும்பமும் சுண்ணாம்படித்த தூண்கள் மாதிரி, கையைக் காலை அகட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் முறைத்தபடி காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை இரண்டு பக்கமும் அண்டா அண்டாவாக வெந்நீர். இரண்டு வீட்டுப் போர்வையும் ஒரே நேரத்தில் ஏறியதில், பன்னிரண்டு வருஷமாகத் தாங்கிய கயிறு படக்கென்று அறுந்தது. கல்யாணப் பந்தல் வேலை இருந்ததால் யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் போட்டி நடந்தது. பூச்சி செத்தாலும் அரிப்பு சில வாரம் இருக்கும், பயந்துபோய் மறுபடி மறுபடி பூசாதீர்கள் என்று தேவிகா முன்கூட்டியே கத்திவைத்திருந்தாள். தை பிறப்பதற்குள் அதுவும் அடங்கியது.

பங்காளி நிற்காமல் கல்யாணம் ஏது? முகூர்த்தம் முடிந்து குடும்பப் படத்துக்கு எல்லாரும் நின்றபோது, தம்பியும் வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார், திரையைப் பார்த்தார். "ஐயா, சின்னவரு, கண்ணை மூடிட்டீங்க" என்றார். இன்னொன்று எடுத்தார், மூடித்தான் இருந்தது. மறுபடியும் எடுத்தார். சத்தியமூர்த்தி இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். வேண்டுமென்றே மூடுகிறார் என்று வளவில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

"டேய் சத்தி, கண்ணைத் தொறடா!" என்றார் முத்துக்கருப்பன்.

தம்பி கண்ணைத் திறந்தார், நிறையத் தண்ணீர். "சரிண்ணே" என்றார். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். தேவிகாவும் அழுதாள். பக்கத்தில் நின்ற சிட்டாள் ஆச்சி மட்டும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"போச்சு, எல்லாம் போச்சு."

"நல்லதுதான ஆச்சி?"

"என்னத்த நல்லது? சனிக்கிழமையானா இவுக முதுகுக்கு வேண்டிய எண்ணெயைக் காய்ச்சி வச்சுட்டுக் கோயிலுக்குப் போயிருவேன். நாகவல்லி எண்ணெய்ப் பனியனை ஒண்ணும் தெரியாத மாதிரி துவைப்பா. இந்தச் சண்டை அணையாமக் காப்பாத்த நாங்க ரெண்டு பேரும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? இனிமே இவுக முதுகை யாரு தேய்ப்பா?"

"தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லல?"

"பேச்சுவார்த்தை உண்டான்னு கேட்டீக, இல்லைன்னோம். தொடுவாகளான்னு நீங்க கேக்கலையே? வெள்ளிக்கிழமைப் போட்டியும் உங்க கட்டுக்கதைன்னு தெரியும். நாகவல்லி அப்புடிப் பேசமாட்டா. டாக்டரம்மா கஷ்டப்பட்டு நடிக்குதே, போகட்டும்னு விட்டோம்."

மதுரைக் கூட்டத்தில் தேவிகா தன் முதல் யோசனையை மாற்றிவிட்டாள். "சிரங்கு என்றால் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதோடு விடாதீர்கள். முதுகுக்கு யார் களிம்பு தடவினார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்த நோயாளியைக் கூப்பிடாதீர்கள்" என்றாள். டாக்டர்கள் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களில் ஒருவரே சட்டைக் கையை மடக்கி அவளிடம் முழங்கையைக் காட்டினார்.

மாசியில் முத்துக்கருப்பன் தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். முதுகு அரிக்கிறது என்றார். தேவிகா விளக்கைப் போட்டு, லென்ஸை வைத்து ஓர் அங்குலம் விடாமல் பார்த்தாள். சிரங்கு இல்லை, தடிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை.

"தம்பி வாராரா?"

"தினமும் வாரான். முன்வாசல் வழியா. நாற்காலியில உக்காந்து காப்பி குடிக்கிறான், அரசியல் பேசுறான், போயிர்றான்." அவர் குரல் இறங்கியது. "பேசத் தொடங்குனதுக்கு அப்புறம் கூச்சமா இருக்கு டாக்டரம்மா. தேய்டான்னு எப்புடிச் சொல்றது?"

தேவிகா லென்ஸைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்துல தம்பி கண்ணை மூடுன படம் ஒண்ணு இருக்கும்ல?"

"இருக்கு."

"பெருசாப் போட்டு முகப்புல மாட்டுங்க."

அடுத்த சனிக்கிழமை காலையில் சிட்டாள் ஆச்சியிடமிருந்து போன் வந்தது. குரல் ரகசியமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "மாட்டுன அன்னைக்கே ரெண்டு பேரும் பேச்சை நிப்பாட்டிட்டாக. நான் எண்ணெயை வச்சுட்டுக் கோயிலுக்குன்னு சொல்லிட்டுத் தூணுக்குப் பின்னால நிக்கிறேன். இப்பத்தான் பின்கட்டுக் கதவு தொறந்துச்சு, கேளுங்க."

தேவிகா கேட்டாள். தூரத்தில் யாரோ ஒரு கிண்ணத்தை அதட்டிக்கொண்டிருந்தார்.