லோமிக்குத் தாமதமாக வந்த பொடி

மலிண்டா ரென்னோவுக்கு ஒரு சொல் பொறுக்காது. காரும் மின்சாரமும் வேண்டாமென்று குதிரை வண்டியோடு வாழும் அந்த அமெரிக்கப் பள்ளத்தாக்கின் ஆமிஷ் சனங்கள் எல்லாருக்கும் அது தெரியும். பால் கறப்பதிலும் ஒட்டுத்துணி விரிப்பு தைப்பதிலும் வழிபாடு முடிந்து ஊருக்கே பரிமாறுவதிலும் அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் அதோடு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். யோஸ்ட் அவளைக் கட்டிக்கொண்டபோது அவன் அண்ணனே, "சாந்தமா ஒண்ணு வேணும்னா பேசாம குதிரை ஏலத்துக்குப் போயிருக்கலாமேடா" என்று கேலி செய்தான்.

முதல் குழந்தை சலோமி, புல் அறுத்துக் காயப்போடும் நாட்களில் பிறந்தாள். லோமி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். தொட்டிலின் புதுமணம் போகுமுன்பே லவினா பார்க்க வந்தாள். யோஸ்டின் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி அவள். இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்துப் புதைத்தவள். அரைநிலா வடிவில் சுட்ட ஆப்பிள் பணியாரம் ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள். குழந்தையை மடியில் வாங்கி, அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குடுத்துடு மலிண்டா. பரம்பரை நோய் பாக்கற கிளினிக்ல பாத்துச் சொல்லிடுவாங்க."

"எதுக்கு? நல்லாத்தானே பால் குடிக்கிறா."

"என்னோடது ரெண்டும் நல்லாத்தான் குடிச்சுது. இந்தக் குறை நம்ம குடும்பங்கள்ல ஓடுதாம். அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணுன்னு சேந்துட்டா..."

"என் ரத்தம் கெட்ட ரத்தம்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கிட்டு வந்தியா?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?"

"உன் வீட்டுத் துக்கத்தைக் கொண்டாந்து என் தொட்டில்ல வைக்காதே."

லவினா குழந்தையைப் படுக்கவைத்தாள். தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பணியாரத்தை யோஸ்ட்தான் தின்றான். "லவினா என்ன சொன்னா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றாள் மலிண்டா.

இலையுதிர்காலம் வருவதற்குள் லோமி துவண்டுவிட்டாள். கழுத்து நிற்கவில்லை. பால் குடிக்கவே அலுப்பு. பிறகு வலிப்பு வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. சிறப்புக் குழந்தை, கடவுள் கொடுத்தது என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். ஒரு புதன்கிழமை ஏலத்தில் லவினாவின் கணவனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த யோஸ்ட், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றான்.

"குழந்தையைத் தூக்கு. கிளினிக்குக்குப் போறோம்."

அங்கிருந்த டாக்டரம்மா நிதானமான ஆள். ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் திரும்ப வரச்சொல்லி, ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"நம்ம உடம்புல ஒரு நொதி இருக்கு. எட்டுப் பலகையை வட்டமா நிறுத்தின பீப்பாய் மாதிரின்னு வெச்சுக்குங்க. அதுல மஞ்சளா ஒரு வைட்டமின் ஒட்டி உக்காந்திருக்கும். கீரையிலயும் பீன்ஸ்லயும் இருந்து வர்ற ஃபோலேட் அங்க போனா, அதை உடம்பு எடுத்துக்கற கடைசி வடிவத்துக்கு மாத்தி அனுப்பும். பீப்பாய்க்கு ஒரு வாலும் உண்டு, வேலை கூடினா குறைக்கறது அதுதான். மொத்தமும் ஒரே நீளச் சங்கிலி, அதுவே மடிஞ்சு மடிஞ்சு இப்படி ஆகுது. லோமிக்கு அந்தச் சங்கிலியில ஒரே ஒரு கண்ணி மாறியிருக்கு. அதனால சரியா நிக்கல, வேலை நடக்கல."

"நடக்கலன்னா?" என்றான் யோஸ்ட்.

"ரத்தத்துல ஒண்ணு தேங்கி விஷமாகுது. அது மாறினா என்ன கிடைக்குமோ, அது மூளைக்குப் போய்ச் சேரல. வளர்ற மூளை அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கும்."

பிறகு ஒரு டப்பாவைத் திறந்தார். சர்க்கரைபோல் வெள்ளைப் பொடி. "இது பீட்டைன். நொதியைச் சரி பண்ணாது. ஆனா ஈரல்ல இன்னொரு வழி இருக்கு. அந்த வழியா, தேங்கினதை மாத்திவிடும்."

"பொறந்த உடனே இதைக் குடுத்திருந்தா?"

டாக்டரம்மா தாளை மடித்தார். "அப்படிக் குடுத்த குழந்தைங்க ஓடுதுங்க, படிக்குதுங்க. இப்ப குடுத்தா வலிப்பு நிக்கும். போனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பாலம் தாண்டியதும் யோஸ்ட் குதிரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "பணியாரம் கொண்டுவந்தாளே, அன்னிக்கா சொன்னா?"

"ஆமா."

அதற்குமேல் அவன் அன்றும் கேட்கவில்லை, பின் எப்போதும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று மலிண்டாவுக்குப் பல வருஷம் தோன்றியது.

பொடி வலிப்பை நிறுத்தியது. லோமி சிரிக்கக் கற்றாள். குரல் தெரிந்து தலையைத் திருப்பினாள். நடை வரவில்லை, பேச்சும் வரவில்லை. இரண்டாவதாக மகன் கோரி பிறந்தபோது மருத்துவச்சி தொப்புள்கொடி அறுத்த கையோடு மலிண்டாவே குழந்தையின் குதிகாலை நீட்டினாள். அவனுக்கும் அதே குறை. மறுநாளே பொடி தொடங்கிவிட்டது. அவன் வேலியேறினான், வைக்கோல் பரணிலிருந்து குதித்தான், பள்ளியில் அடி வாங்கினான். கோரி முற்றத்தில் ஓடும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறையும். அடுத்த கணமே, சக்கர நாற்காலியில் இருந்து அதைப் பார்த்துக் கைதட்டப் பார்க்கும் லோமி கண்ணில் படுவாள்.

இத்தனை வருஷமும் வழிபாட்டில் லவினா உட்காரும் பெஞ்சில் மலிண்டா உட்காரவில்லை. ஒரு அக்டோபரில், செப்புக் கொப்பரையில் ஆப்பிள் கூழ் காய்ச்சும் நாளில், நீளத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு லவினா தனியாக நின்றாள். மலிண்டா போய்த் துடுப்பின் பிடியைச் சேர்த்துப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு லவினா. நாலு வார்த்தை திட்டிடு. வாங்கிக்கிறேன்."

லவினா கிண்டுவதை நிறுத்தவில்லை. "மறுவாரம் திரும்ப வர்றதுக்கு வண்டி கட்டினேன், தெரியுமா? பாதி வழி வந்தேன். துரத்தினவ வாசல்ல போய் நான் எதுக்கு நிக்கணும்னு திருப்பிட்டேன். குழந்தைக்கு அப்பக்கூட நேரம் இருந்துச்சு. எனக்குத் தெரியும். ரெண்டைப் பறிகொடுத்தவளுக்குத் தெரியாதா?"

பரவாயில்லை என்று சொல்ல மலிண்டாவுக்கு என்ன உரிமை? திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"அடிப்பிடிக்குது, ரெண்டு பேரும் தூங்குறீங்களா?" என்று யாரோ கத்தினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் லவினா திங்கட்கிழமைதோறும் வரத் தொடங்கினாள். மலிண்டா துணி துவைக்கும் நேரத்தில் லோமிக்கு ஊட்டுவாள். லோமி கரண்டியைத் தட்டிவிட்டுச் சிரிப்பாள். "போக்கிரி, உன் அம்மா மாதிரியே இருக்கே" என்பாள் லவினா. கொடியில் விறைத்துப்போன துணிகளுக்கு நடுவில் நின்று மலிண்டா அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கூடை காலியான பிறகும் உள்ளே போக அவளுக்கு நேரமாகும்.