பரோட்டா மாஸ்டரின் நாக்கு

கரமனையில் ஒரு பல் கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தென்காசிக்காரர், ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அடிக்கடி செல்போன் கேமராவில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார். நாக்கு முழுக்க வெடிப்பு. ஓட்டலில் யாரோ சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் முகம் தெளியவில்லை.

"நோயே இல்லியாம் அண்ணாச்சி. பரம்பரையா வருமாம். இடுக்குல சோறு தங்காம, மெத்துனு இருக்க பிரஷ்ஷால தேச்சாப் போதுமாம். மருந்தே எழுதல. எதையோ மறைக்காங்க."

"உங்க அப்பாவுக்கு இருந்துதா?"

"அப்பா நாக்க யாரு பாத்திருக்கா?" என்றவர், அங்கேயே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டார். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அவருக்கும் இப்படித்தானாம். காரம் பட்டா எரியுமாம். அதான் தட்டத் தள்ளிவிடுவாராம். நாங்க கோவம்னுல்லா நெனச்சோம்."

டாக்டரை நம்பினாரோ என்னவோ, பிரஷ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்.