வரிக்காசு வந்த வாரம் சுவர் சுட்டது

எங்க வீட்டுல ஒரு வாடை வந்துகிட்டே இருந்துச்சு. மீன் கருகுற மாதிரி வாடை. மீனே வாங்காத வெள்ளிக்கிழமையிலயும் வரும். நான் அடுப்பைப் பாப்பேன், குப்பைத் தொட்டியைப் பாப்பேன், பின்னால கால்வாயைப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. வேற யாருக்கும் அது தெரியல. எனக்கு மட்டுந்தான்.

என் பேரு கலைவாணி. ஈப்போவுல ஒரு பல் கிளினிக்ல கவுண்டர் வேலை. நம்ம மாரியம்மன் கோயிலுக்கு வர்ற உங்கள்ல பாதிப் பேருக்கு எங்க வீடு தெரியும். கோப்பெங் தாண்டி, ரப்பர் தோட்டமா இருந்து இப்ப செம்பனை எண்ணெய்த் தோட்டமா மாறிப்போன இடத்துல, அந்தக் காலத்துல தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இருந்த பழைய கிராணி வீடு. கீழ சிமெண்டு, மேல பலகைச் சுவரு. என் மாமனார் உசுரோட இருக்கும்போது வாங்குனது. வீட்டுக்காரரு சேகர் தஞ்சோங் மாலிம் பக்கத்துல கார் ஃபேக்டரியில சூப்பர்வைசர். வாரம் முழுக்க அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிட்டு, வெள்ளிக்கிழமை இருட்டுன பிறகுதான் வீட்டுக்கு வருவாரு. மத்த நாள்ல நானும் என் மக தர்ஷினியும் மாமியாரும் மட்டுந்தான்.

மாமியாருக்கு இருதயம் பலவீனம். வெயில் ஏறினா மூச்சு வாங்கும். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். தர்ஷினி பாட்டிகூடதான் படுப்பா. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டா.

வாடையோட நிக்கல. ஃபேன் போட்டுட்டு துணி தேய்ச்சா லைட்டு மங்கும். அப்புறம் தானா பளிச்சுன்னு எரியும். மாமியார் ரூம்ல உட்கார்ந்தா சுவருக்குள்ள ஏதோ வண்டு முனகுற மாதிரி சத்தம். காதை வச்சா நின்னுரும். ஒரு நாள் சுவிட்சுக்குக் கீழ ஒரு பல்லி செத்துக் கிடந்துச்சு. கருகருன்னு, கரிக்கட்டை மாதிரி. நான் அதைக் கூட்டி வெளிய போட்டேன்.

பக்கத்து வீட்டு சரசக்காகிட்ட சொன்னேன். அவங்க குரலைத் தாழ்த்திட்டாங்க. "வாணி, யாரோ என்னமோ செஞ்சு வச்சிருக்காங்க. தாப்பா டவுன்ல ஒரு மந்திரக்காரரு இருக்காரு. கூட்டிட்டு வந்து எடுக்கச் சொல்லு. செலவாகும், பரவால்லலா."

அன்னையிலேருந்து எனக்குச் சோறு இறங்கல. அது வயரா, செய்வினையா, இல்ல எனக்குத்தான் புத்தி பிசகுதான்னே புரியல. வேலையில இருக்கும்போது வீட்டு நம்பர்லேருந்து போன் வந்தா முதல் மணியிலயே எடுத்துருவேன்.

அந்த நேரத்துலதான் என் வீட்டுக்காரருக்கு இன்கம் டேக்ஸ் காசு திரும்பி வந்துச்சு. மாசா மாசம் சம்பளத்துல கூடப் பிடிச்சிருந்தாங்க. அவங்க அம்மாவோட வைத்திய ரசீதெல்லாம் அவர் கணக்குல காட்டியிருந்தாரு. வராதுன்னு நாங்க மறந்தே போயிருந்தோம்.

அவரு போன்லயே சந்தோஷமா கத்தினாரு. "வாணி, டேக்ஸ் காசு வந்திருச்சு! அம்மா ரூமுக்கு ஏர்கோன் போட்டுறலாம், குளுகுளுன்னு இருக்கும். அவங்க ரசீதுல வந்த காசு, அவங்களுக்கே செய்வோம்."

நியாயம்தானே? ஆனா என் வாயிலேருந்து வந்தது வேற. "ஏங்க, முதல்ல வயரிங் பாக்கலாமே."

"வயரிங்குக்கு என்ன? லைட்டு எரியுதுல்ல?"

"அந்த வாடை..."

"மறுபடியும் வாடையா? அம்மா மூச்சு விட முடியாம கிடக்குறாங்க, உனக்கு வாடையா முக்கியம்?"

ரெண்டுக்கும் காசு பத்தாது. போனை வச்சுட்டுத் திரும்பினா வாசல்ல மாமியார் நிக்கிறாங்க. எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. "எனக்கு ஒண்ணும் வேணாம்மா. எத்தனை நாளைக்கு இருக்கப்போறேன், விசிறிக்கிறேன்"னு சொல்லிட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போயிட்டாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அவங்களுக்கு நான் ஒரு நாளும் கணக்குப் பாத்ததில்ல. பயத்துல பேசினது கஞ்சத்தனமாத் தெரிஞ்சு போச்சு.

அவரு ஏர்கோன் கடையில முன்பணம் கட்டிட்டாரு. சனிக்கிழமை மாட்ட வருவாங்கன்னு சொன்னாரு. நான் சரின்னு தலையாட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு நேரா நம்ம மாரியம்மன் கோயிலுக்கு வந்தேன். மழை வரப்போற மாதிரி வானம் கருத்துக் கிடந்துச்சு. பூசை இன்னும் ஆரம்பிக்கல, ஆள் யாருமில்ல. செம்பனைக்குள்ள ஒரு பறவை மட்டும் கத்திகிட்டே இருந்துச்சு. நான் அம்மன் முன்னால உட்கார்ந்து வாய் விட்டு அழுதேன். "தாயே, எனக்கு இருக்கிறது பயமா, புத்தியா? எனக்குத் தெரியல. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நானே என்னை நம்பல. நீ சொல்லு. என் பிள்ளை அந்த ரூம்ல படுக்குது. நீயே சொல்லு."

ஒண்ணும் நடக்கல. பூ விழல. மணி அடிக்கல. பூசை முடிஞ்சு திருநீறு வாங்கிகிட்டு நனைஞ்சுகிட்டே வீட்டுக்குப் போனேன். அம்மனும் பேசல, இனி நான் யார்கிட்ட போவேன்னு நினைச்சேன். அவ்வளவு தனியா நான் என்னைக்கும் இருந்ததில்ல.

மறுநாள் காலையில ஏர்கோன்காரர் வந்தாரு. நடுத்தர வயசுச் சீனர். அவரும் கூட ஒரு ஆளும். என் வீட்டுக்காரரு ரூமைக் காட்டினாரு. மாமியார் கட்டில்ல உட்கார்ந்திருந்தாங்க, முகத்துல வெக்கமும் சந்தோஷமும். ஏர்கோன்காரர் கட்டிலுக்கு மேல அளவு எடுக்கச் சுவருல உள்ளங்கையை வச்சாரு. வச்ச கையைப் படக்குன்னு எடுத்தாரு. மறுபடியும் வச்சாரு. இன்னொரு பலகை, அதுக்குப் பக்கத்துல, அதுக்கும் கீழ. ஒவ்வொண்ணாத் தொட்டுகிட்டே வந்தாரு. சிரிச்சுகிட்டு வந்த மனுசன் முகமே மாறிப்போச்சு.

"காக், டிண்டிங் பானாஸ்லா," என்றார். அக்கா, சுவரு சுடுதுன்னு.

அவரே ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடைச்சாரு. ஃபேன் மெதுவாச் சுத்தி நின்னுச்சு. அந்த அமைதியில மாமியார் மூச்சு மட்டும் கேக்குது. அவரு கட்டிலுக்குப் பின்னால இருந்த பிளக் பாயிண்டைக் கழட்டி இழுத்தாரு. உள்ளேருந்து பழுப்புத் தூளு கொட்டுச்சு. வயரைத் தொட்டா மேல் உறை பிஸ்கட் மாதிரி நொறுங்குது. அப்ப அந்த வாடை ரூம் முழுக்கப் பரவுச்சு. தர்ஷினி மூக்கைப் பொத்திக்கிட்டா.

என் வீட்டுக்காரரு போய் அந்தப் பலகையில கையை வச்சாரு. வச்ச கையை எடுக்கவே இல்ல. அவரு தோள் ஆடினதை நான் பார்த்தேன்.

ஏர்கோன்காரர் மாட்ட மாட்டேன்னுட்டாரு. இதுல ஏர்கோன் போட்டா அன்னைக்கே வீடு போயிரும், இனி இங்க யாரும் தூங்காதீங்கன்னு மலாய்ல சொன்னாரு. அவரும் என் வீட்டுக்காரரும் மாமியாரை நாற்காலியோட தூக்கி வெளிய கொண்டாந்தாங்க. முன்பணத்தையும் அங்கேயே திருப்பிக் கொடுத்துட்டாரு. வந்து போன பெட்ரோல் காசாவது எடுத்துக்கங்கன்னு கெஞ்சினோம். வாங்கல.

கோப்பெங்குல என் நாத்தனார் வீட்டுக்குப் போயிட்டோம். அடுத்த வாரம் வயர்மேன் மணியம் அண்ணே வந்து, மாமியார் ரூமு சீலிங் பலகையைப் பிரிச்சாரு. டார்ச்சு அடிச்சுப் பார்த்தவரு ரொம்ப நேரம் கீழ இறங்கல. அப்புறம் என்னை ஏணியில ஏறச் சொன்னாரு.

உத்தரம் கரியாக் கிடந்துச்சு. என் கை நீளத்துக்கு. பக்கத்துல எலிக்கூடு, பாதி சாம்பலு.

"இது சூடு மட்டும் இல்லம்மா," என்றார். "தீப்பிடிச்சிருக்கு. பிடிச்சு, தானா அணைஞ்சிருக்கு."

"எப்பண்ணே?"

"யாருக்குத் தெரியும். ஒரு மாசமும் இருக்கலாம், ஒரு வருசமும் இருக்கலாம்."

"ஏன் அணைஞ்சுச்சு?"

அவரு கரியை விரலால தேய்ச்சுப் பார்த்தாரு. "காஞ்ச மரம். சுத்தி எலிக்கூடு. அணைஞ்சிருக்கவே கூடாது. எனக்குத் தெரியலம்மா."

அதுக்கு நேர் கீழதான் கட்டில். என்னைக்கோ ஒரு நாள் மேல நெருப்பு எரிஞ்சிருக்கு, கீழ என் பிள்ளை பாட்டியைக் கட்டிப் பிடிச்சுத் தூங்கியிருக்கா. நான் ஏணியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். நான் வேண்டிக்கிட்டது அந்த வெள்ளிக்கிழமைதான். தாயி அதுக்கு எவ்வளவோ முன்னாலயே காவலுக்கு வந்துட்டா.

டேக்ஸ் காசு மொத்தமும் வயரிங்குக்குப் போச்சு. புது வயரு, புது ஃபியூஸ் பாக்ஸு, புது உத்தரம். சரசக்கா சொன்ன ஆளை நான் கூப்பிடல. பயந்து கிடக்கிறவகிட்ட பயத்தையே விக்கிற ஆளு எனக்கு வேணாம்.

வீட்டுக்குத் திரும்பி வந்த அன்னைக்கு நான் மாமியார்கிட்ட, "மன்னிச்சுருங்க அத்தை, உங்க காசு உங்களுக்கு இல்லாமப் போச்சு"ன்னேன். அவங்க என் கையைப் பிடிச்சுத் தன் மடியில வச்சுக்கிட்டாங்க. "போடி பைத்தியம். வேற யாருக்குச் செலவாச்சு அது?"

இப்பவும் அந்த ரூமு மத்தியானத்துல அடுப்பாட்டம் இருக்கு. சன்னல்ல ஈரத்துணி தொங்கப் போட்டு, ஃபேனைத் தலைமாட்டுல வச்சுச் சமாளிக்கிறோம். வேர்க்குது. வேர்த்துகிட்டு உசுரோட இருக்கோம். முன்னெல்லாம் கோயில் வாசல்ல காரை நிறுத்திட்டு போனைப் பார்த்துகிட்டே இருக்கிற என் வீட்டுக்காரரு, இப்ப சனிக்கிழமை காலையில எனக்கு முன்னால வந்து அம்மன் சன்னதியில உட்கார்ந்துர்றாரு. என்ன வேண்டுறாருன்னு நான் கேக்கல.

உங்க யாருக்காவது மனசுல இப்படி ஒரு கலக்கம் இருந்தா, சிரிப்பாங்கன்னு மூடி வைக்காதீங்க. அவகிட்ட கொண்டு போய்ப் போடுங்க. உடனே ஒண்ணும் நடக்கலன்னு என்னை மாதிரி மனசு ஒடிஞ்சு திரும்பாதீங்க. பூவும் விழலாம், மணியும் அடிக்கலாம். எனக்கு ரெண்டும் இல்ல. என் தாயி என்கிட்ட மலாய்ல பேசினா. ஒரு சீனர் வாயால பேசினா. எனக்கு நல்லாவே கேட்டுச்சு.