ராசம்மாள் காத்த கினிப்பன்றிகள்

கருமத்தம்பட்டியில் தறிக்குடோன் வைத்திருக்கும் மனோஜ்குமார் வீட்டில் ராசம்மாளுக்குப் பதினாறு வருஷ வேலை. பாத்திரம், துணி, வீடு கூட்டுவது. போன வருஷத்திலிருந்து கினிப்பன்றிகளும். அந்த வீட்டு மகள் ரித்திகா பிறந்தநாளுக்குக் கேட்டாளென்று காந்திபுரத்தில் வாங்கி வந்த மூன்று ஜீவன்கள். முயலுமில்லை, எலியுமில்லை, ரெண்டுங்கெட்டான். சித்திரை வெயிலுக்கு அதுகளுக்கு ஏசி வேறு. எல்லாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

வீட்டு அம்மா நந்திதா சொல்லிக்கொடுத்ததை ராசம்மாள் ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டாள். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஈரச் சாக்கைக் கூண்டு முழுக்கப் போர்த்தினால் காற்றில்லாமல் செத்துப்போகும். எச்சில் ஒழுகி, வயிறு எக்கி மூச்சு வாங்கினால் ஆபத்து.

தன் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் அவள் அங்கே வாய்விட்டதில்லை. சொன்னால் கையேந்த வருகிறாள் என்று நினைப்பார்களாம். அவள் தெருவில் எல்லாருமே அப்படித்தான். காய்ச்சலில் கிடந்தாலும், "சொந்தத்துல ஒரு விசேசமுங்க" என்றுதான் லீவு கேட்பாள். ரோசம்! அந்த ரோசத்தை என்னவென்று சொல்ல.

சித்திரையில் ஒரு நாள் மனோஜ்குமார் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தார். பராமரிப்பு என்று மத்தியானம் கரண்ட்டை நிறுத்திவிட்டான். இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், ஏசி ஓடாது. ராசம்மாள் ஐஸ் பாட்டிலைக் கூண்டில் வைத்துக்கொண்டிருக்கும்போது மகள் இளவேனில் போன் பண்ணினாள்.

"அம்மா, அப்பா ரோட்டு வேலையிலிருந்து பாதியில வந்துட்டாரு. ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது, வேர்வையே காணோம். என்னென்னமோ ஒளறறாரு. சீக்கிரம் வாம்மா!"

"மோரக் குடுத்துப் படுக்க வெய்யி கண்ணு. இதா, வந்தர்றேன்."

உடனே நந்திதாவைப் போனில் கூப்பிட்டாள். "ஏனுங்க அம்மணி, ஊட்டுல சின்ன வேலைங்க. போயிட்டு வரட்டுங்களா?"

"ஐயோ, இப்பப் போகாத ராசம்மா! கரண்ட் இல்லாம அதுக செத்துப்போயிரும், ரித்திகா தாங்கமாட்டா. மேட்டுப்பாளையம் வந்துட்டோம், ஒரு மணி நேரத்துல வந்தர்றோம். வேலைய அப்புறம் பாத்துக்க."

"சரிங்க."

ஒரு மணி நேரம் இரண்டானது. ராசம்மாள் நான்கு தடவை ஐஸ் பாட்டில் மாற்றினாள். ஈரத்துணியால் அதுகளின் காதைத் துடைத்தாள், வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டாள். வெயில் மயக்கம்தான், தெளிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கே தகரக் கூரைக்குக் கீழே, அம்மா வரட்டும் என்று இளவேனில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் வந்ததும் ஓடினாள். புருஷன் ஐயாசாமிக்கு நினைவு தப்பியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி சேர்ந்து, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. நினைக்க வயிறு எரிகிறது.

மூன்றாம் நாள் நந்திதா துக்கம் கேட்க வந்தாள். நிஜமாகவே அழுதாள்.

"உன்ர ஊட்டுக்காரருக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே ஆம்புலன்சுக்குப் போன் போட்டிருப்பனே ராசம்மா! சின்ன வேலைன்னுதான சொன்னே?"

பொய்யில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பாள்.

இளவேனில் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "அப்படியா சொன்னே?"

ராசம்மாள் ஆமென்று தலையாட்டினாள்.

மகள் எழுந்து உள்ளே போனாள். இன்றுவரை அம்மாவோடு ஒரு பேச்சில்லை.